எடுத்த நீரைக் கொட்டிவிடாதீர்கள்

செல்லப்பிராணி கேள்வி – பதில்

பூனைக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொள்வது பற்றி இந்த மாதம் நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒன்றோடொன்று தொடர்புள்ள கேள்விகள் என்பதால் இந்த இதழின் பக்கங்களை முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: டாக்டர், எங்கள் பெர்ஷியன் கடுவனுக்கு ஐந்து வயது. போன மாதம் இரண்டு நாள் சாப்பிடாமல் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தான். வெயிலுக்குச் சோர்ந்திருக்கிறான் என்று விட்டுவிட்டோம். மூன்றாம் நாள் பார்த்தால் முன்னங்கால்களை அகட்டி, கழுத்தை நீட்டிக்கொண்டு, வயிறு ஏறி இறங்க மூச்சு வாங்குகிறான். மருத்துவமனையில் எக்ஸ்ரே பார்த்து, நெஞ்சில் நீர் என்று சொல்லி 180 மி.லி. எடுத்தார்கள். இளஞ்சிவப்பாக இருந்தது. எடுத்ததும் எழுந்து நடந்தான். பன்னிரண்டே நாளில் மறுபடி நீர். ஒருவர் இதயம் என்கிறார், இன்னொருவர் எஃப்ஐபி, பிழைக்காது என்கிறார். முதல் தடவை எடுத்த நீரைச் சோதிக்காமல் கொட்டிவிட்டார்கள். இந்தத் தடவை நாங்கள் என்ன கேட்க வேண்டும்?
— ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: இந்தத் தடவை எடுத்த நீர் எங்கே, அதில் என்ன இருந்தது என்று கேளுங்கள் அம்மா. அதுதான் முதல் கேள்வி. நெஞ்சில் நீர் என்பது ஒரு நோயின் பெயர் இல்லை. நுரையீரலுக்கும் விலா எலும்புக் கூட்டுக்கும் நடுவில் சில துளி ஈரம் மட்டுமே இருக்க வேண்டிய இடத்தில் வேறு எங்கோ உள்ள கோளாறு நீராக வந்து தேங்குகிறது, நுரையீரல் விரிய இடமில்லாமல் பூனை திணறுகிறது. பூனைகளில் இதற்கு வழக்கமான காரணங்கள் ஐந்து. இதயம் செயலிழப்பது, எஃப்ஐபி என்கிற கொரோனா வைரஸ் நோய், லிம்போமா மாதிரியான புற்றுநோய், சீழ், அப்புறம் நிணநீர் கசிந்து பால் மாதிரி தேங்குவது. ஐந்துக்கும் மருந்து வேறு வேறு, ஒன்றுக்குக் கொடுப்பது இன்னொன்றுக்குக் கெடுதலாகவும் முடியும். ஆனால் எக்ஸ்ரேயில் ஐந்தும் ஒரே வெள்ளைப் படலமாகத்தான் தெரியும், போதாததற்கு அந்தப் படலம் இதயத்தின் உருவத்தையும் மறைத்துவிடும். அதனால்தான் ஊசியில் வரும் நீர் இவ்வளவு முக்கியம்.

கண்ணால் பார்த்தே கொஞ்சம் சொல்லலாம். இதயக் கோளாறில் வரும் நீர் பெரும்பாலும் வெளிர் மஞ்சளாகவோ லேசான சிவப்பாகவோ, தண்ணீர் மாதிரி நீர்த்து இருக்கும். எஃப்ஐபியில் நல்ல மஞ்சளாக, விரலில் ஒட்டுகிற பிசுபிசுப்போடு, குலுக்கினால் நுரைக்கும். சீழ் என்றால் கலங்கலும் நாற்றமுமாக அதுவே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் நிறத்தை மட்டும் நம்பி முடிவு செய்யக் கூடாது, ஏனென்றால் ஊசி குத்தும்போது ஒரு சின்ன ரத்தக்குழாய் பட்டாலே வெளிர் மஞ்சள் நீர் இளஞ்சிவப்பாகிவிடும். உங்கள் பையனுக்கு வந்தது அப்படியும் இருக்கலாம்.

அதற்கு அடுத்தது அளவுகள். புரோட்டீன் எவ்வளவு, ஒரு மைக்ரோலிட்டரில் செல்கள் எத்தனை. டெசிலிட்டருக்கு 2.5 கிராமுக்குக் கீழே புரோட்டீனும் மிகக் குறைந்த செல்களும் இருந்தால் அது வெறும் அழுத்தத்தால் கசிந்த நீர். இதய நோயில் இப்படியும் வரும், இதைவிடக் கொஞ்சம் புரோட்டீன் கூடி, செல்கள் சில ஆயிரம் வரைக்கும் போய் நடுத்தரமாகவும் வரும், நாள்பட்டால் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். எஃப்ஐபியில் புரோட்டீன் 3.5 கிராமுக்கு மேலே எகிறும், செல்கள் மட்டும் அந்த அளவுக்குக் கூடாது, அந்தப் பொருத்தமின்மைதான் அதன் அடையாளம். நீரில் உள்ள ஆல்புமின், குளோபுலின் என்ற இரண்டு வகைப் புரோட்டீன்களில் முதலாவதன் அளவை இரண்டாவதன் அளவால் வகுத்துப் பார்த்து, 0.4-க்குக் கீழே வந்தால் எஃப்ஐபி சந்தேகம் வலுக்கும், 0.8-க்கு மேலே வந்தால் அநேகமாக அது இல்லை. இதற்கெல்லாம் பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

சிறிய ஊரில் உள்ள மருத்துவரும் செய்யக்கூடிய ரிவால்டா சோதனை ஒன்று இருக்கிறது. ஒரு டியூபில் 8 மி.லி. டிஸ்டில்டு வாட்டர், அதில் ஒரு சொட்டு அடர் அசிட்டிக் அமிலம், கலக்கிவிட்டு மேலே மெதுவாக ஒரு சொட்டு நெஞ்சு நீர். சொட்டு கரைந்து காணாமல் போனால் எஃப்ஐபி இருக்க வாய்ப்பு குறைவு. உருக்குலையாமல் மேலேயே தொங்கினாலோ மெல்ல இறங்கினாலோ எஃப்ஐபியாக இருக்கலாம், ஆனால் சீழும் சில புற்றுநோய்களும் கூட இப்படிக் காட்டும்.

மூன்றாவதும் நான் ஒருநாளும் விட்டுக்கொடுக்காததும் சைட்டாலஜி, அதாவது நீரிலுள்ள செல்களை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு நாட்டுப்பூனைக்கு மூன்று வாரத்தில் மூன்று தடவை நெஞ்சு நீர் எடுத்தேன். இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் கேட்டது, அதனால் இதயம்தான் என்று நானே முடிவுகட்டி நீர்போக்கும் மருந்தை ஏற்றிக்கொண்டே போனேன். நான்காம் தடவைதான் ஒரு ஸ்லைடு போட்டுப் பார்த்தேன், முழுக்கப் பெரிய பெரிய லிம்போமா செல்கள். முதல் நாளே பார்த்திருந்தால் அந்த மூன்று வாரத்தை அது வேறு மாதிரி கழித்திருக்கும். அன்றிலிருந்து ஸ்லைடு பார்க்காமல் எந்தப் பூனையின் நெஞ்சு நீரையும் நான் கொட்டியதில்லை.

உங்கள் பையன் விஷயத்தில், பார்க்காமலே என் சந்தேகத்தைச் சொன்னால், முதலில் இதயம். எஃப்ஐபி பெரும்பாலும் இரண்டு வயதுக்கு உட்பட்ட பூனைகளின் நோய், ஐந்து வயதில் வரவே வராது என்றில்லை. பெர்ஷியன்களுக்கு இதயத் தசை தடித்துப்போகும் நோய் வரக்கூடும், கடுவன்களுக்கு அது கூடுதல். ஆனால் சந்தேகத்தை வைத்து வைத்தியம் வேண்டாம், நீர் ரிப்போர்ட்டும் எக்கோவும், அதாவது இதய ஸ்கேனும், வரட்டும். இன்னொன்றையும் கேட்க வேண்டும். நீர் வருவதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்னால் அரிப்புக்கோ அலர்ஜிக்கோ ஸ்டீராய்டு ஊசி போட்டீர்களா? சில பூனைகளில் அதைத் தொடர்ந்து இதயம் திணறி நீர் கோத்திருக்கிறது. போட்டிருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பிழைக்காது என்ற வார்த்தையை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். எஃப்ஐபிக்கு இன்று ரெம்டெசிவிர், அதோடு நெருங்கிய ஜிஎஸ்-441524 ஆகிய மருந்துகள் இருக்கின்றன, ஏறக்குறைய 12 வாரம் கொடுத்துப் பல பூனைகள் மீண்டிருக்கின்றன. இதய நோய் என்றாலும் மாத்திரையோடு மாதக்கணக்கில், சில பூனைகள் ஆண்டுக்கணக்கில் நன்றாக இருக்கின்றன.

கேள்வி: எங்கள் பூனைக்கு ஸ்டெதஸ்கோப்பில் எந்தச் சத்தமும் இல்லை என்றார்கள். இருமலும் இல்லை. எங்கள் நாய்க்கு இதய நோய் வந்தபோது இரவெல்லாம் இருமும். பூனைக்கு இதயம் என்றால் எப்படி நம்புவது?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நாயைப் பார்த்துப் பூனையை அளக்கக் கூடாது. இதய நோயுள்ள பூனை இருமுவது அபூர்வம். பூனை இருமினால் நான் முதலில் ஆஸ்துமாவைத்தான் நினைப்பேன். சத்தம் விஷயமும் அப்படியே. பிரிட்டனில் காப்பகங்களில் இருந்த, பார்வைக்கு ஆரோக்கியமான 1007 பூனைகளுக்கு எக்கோ எடுத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு ஏறக்குறைய 15 பூனைகளுக்கு இதயத் தசை தடித்திருந்தது, முணுமுணுப்புச் சத்தம் கேட்டதோ நூற்றுக்கு 40 பூனைகளுக்கு. அதாவது சத்தம் கேட்ட பல பூனைகளுக்கு நோய் இல்லை, நோயுள்ள சில பூனைகளுக்குச் சத்தம் இல்லை.

நாய்க்கு இதயத்தின் இடப்பக்கம் செயலிழந்தால் நுரையீரலுக்குள்தான் நீர் ஊறும், நுரையீரலைச் சுற்றி நீர் கோப்பது பெரும்பாலும் வலப்பக்கக் கோளாறில். பூனைக்கு இடப்பக்கக் கோளாறிலேயே இரண்டும் நடக்கும். அதனால் சத்தமில்லை, இருமலில்லை, வயிறும் வீங்கவில்லை, நேற்று வரைக்கும் ஜன்னலில் ஏறிக்கொண்டிருந்தது, இன்று மூச்சு வாங்குகிறது என்றால் அது பூனையின் இதய நோய்க்கு மிகச் சாதாரணமான தொடக்கம்.

கேள்வி: மேடம், நான் நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் இறுதியாண்டு படிக்கிறேன். என்டி-புரோபிஎன்பி கிட் ரத்தத்துக்கானது. அதையே நெஞ்சு நீரில் போட்டுப் பார்க்கலாம் என்று சீனியர் ஒருவர் சொன்னார். நம்பலாமா?
— ஒரு மாணவர்

பதில்: நம்பலாம் தம்பி, எதை எவ்வளவு நம்புவது என்று தெரிந்துகொண்டு. மற்ற வாசகர்களுக்காக ஒரு வரி: இதயத் தசை அளவுக்கு மீறி இழுபடும்போது ஒரு ஹார்மோனின் முன்வடிவைச் சுரக்கிறது, அது உடைந்து வரும் துண்டுதான் இந்த என்டி-புரோபிஎன்பி. மூச்சு வாங்கும் பூனையின் ரத்தத்தில் இது லிட்டருக்கு 270 பிக்கோமோலைத் தாண்டினால் இதயச் செயலிழப்பு இருக்கக்கூடும் என்று லேப்கள் சொல்கின்றன. கிளினிக்கிலேயே பார்க்கும் கிட்டில் எண் வராது, இரண்டு புள்ளிகளின் நிறத்தை ஒப்பிட வேண்டும்.

நீரில் போட்டுப் பார்ப்பதன் அருமை எங்கே என்றால், மூச்சுக்குத் தவிக்கும் பூனையைப் பிடித்து அழுத்தி ரத்தம் எடுப்பதே அதன் உயிருக்கு ஆபத்து. நீரை எப்படியும் உயிரைக் காப்பாற்ற எடுக்கத்தான் போகிறோம், கையில் வந்துவிட்ட அந்த நீரில் சில சொட்டு போதும். கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் இதைப் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். இதய நோயால் வந்த நீரில் இந்த அளவு கூடுதலாகவும் மற்றக் காரணங்களால் வந்த நீரில் குறைவாகவும் இருப்பது தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. ஒரே பூனையில் ரத்தத்தைவிட நெஞ்சு நீரில் அளவு கூடுதலாகவே காட்டும், கிட்டின் எல்லையோ ரத்தத்துக்கு வைத்தது. அதனால் இதயம் சம்பந்தமில்லாத நீரும் பாசிட்டிவ் காட்டிவிடக்கூடும். நீரோடு அதே அளவு நார்மல் சலைன் என்ற உப்புக் கரைசலைக் கலந்து சோதித்தால் இந்தத் தவறு குறைகிறது. நான் அப்படித்தான் செய்கிறேன். என் அனுபவத்தில் நெகட்டிவ் வந்தால்தான் இந்தச் சோதனை அதிகம் உதவுகிறது. நெகட்டிவ் என்றால் இதயத்தை ஏறக்குறைய ஒதுக்கிவைத்துவிட்டு நேராகச் சைட்டாலஜிக்கும் ரிவால்டாவுக்கும் போய்விடலாம். பாசிட்டிவ் என்றால் இதயம் இழுபட்டிருக்கிறது என்பது வரைக்கும்தான் அர்த்தம், இந்த நீர் அதனால்தான் வந்தது என்று அது சொல்வதில்லை. சிறுநீரகக் கோளாறிலும், வயதான பூனையில் தைராய்டு கூடினாலும், ரத்த அழுத்தம் ஏறினாலும் அளவு கூடும். லேசான இதய நோயும் லிம்போமாவும் ஒரே பூனைக்கு இருந்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் பாசிட்டிவ் வந்தாலும் ஸ்லைடைப் பார், பூனை நிதானத்துக்கு வந்ததும் எக்கோவுக்கு அனுப்பு. எக்கோவில் இடது மேலறையின் அளவைப் பார்க்கச் சொல். இதயத்தால் நீர் கோத்த பூனைக்கு அந்த அறை விரிந்திருக்கும். அது சாதாரண அளவில் இருந்தால் நீருக்கு வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

கேள்வி: எடுத்த நீர் பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. பால் அதிகம் குடித்ததால்தான் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள். பாலை நிறுத்திவிட்டோம்.
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: பாலால் வருவதில்லை அம்மா. குடலில் உறிஞ்சப்பட்ட கொழுப்பைச் சுமந்துகொண்டு ஒரு நிணநீர்க் குழாய் நெஞ்சு வழியாக இதயத்துக்குப் பக்கத்துப் பெரிய ரத்தக்குழாயில் போய்ச் சேர்கிறது. அதிலிருந்து கசிந்தால் நீர் வெள்ளையாக வரும். பூனை சாப்பிடாமல் கிடந்தால் அதே நீர் வெள்ளை குறைந்து சாதாரணமாகத் தெரியும், அதனால் நிறத்தை நம்பாமல் நீரிலும் ரத்தத்திலும் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். நீரில் அது ரத்தத்தைவிடக் கூடுதலாக இருந்தால் சந்தேகமே இல்லை.

பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். இதயம் திணறி ரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறினாலும் இந்தக் குழாய் கசியும். அதனால் பால் நிற நீர் வந்த எந்தப் பூனைக்கும் எக்கோ எடுக்காமல் இருக்கக் கூடாது. இதயம் காரணமாக இருந்தால் இதய மருந்திலேயே கசிவு குறையலாம். இல்லையென்றால் கொழுப்புக் குறைந்த உணவு, சில பூனைகளுக்கு அறுவை சிகிச்சை. தள்ளிப்போட வேண்டாம், இந்த நீர் நாள்பட நின்றால் நுரையீரலைச் சுற்றி தடித்த உறை கட்டிவிடும், பிறகு நீரை எடுத்தாலும் நுரையீரல் விரியாது. சென்னைக்கு வர முடிந்தால் வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள்.

கேள்வி: எங்கள் பூனைக்குச் சோறும் மீனும்தான், சில நாள் கருவாடு. இதனால் இதயம் கெடுமா?
— ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: டாரின் என்ற சத்து பூனைக்கு உணவிலிருந்துதான் கிடைத்தாக வேண்டும், அதன் உடல் போதுமான அளவு தயாரித்துக்கொள்ளாது. டாரின் குறைந்தால் இதயம் பலவீனமாகி விரிந்துவிடுகிறது, கொடுத்தால் தேறுகிறது என்று 1987-இல் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தில் பால் பியோன் குழுவினர் கண்டுபிடித்தார்கள். அதன்பிறகு கடைகளில் விற்கும் பூனை உணவில் டாரின் சேர்க்க ஆரம்பித்து அந்த நோய் வெகுவாகக் குறைந்துபோனது. மீனிலும் கறியிலும் டாரின் உண்டு, ஆனால் வேகவைத்த தண்ணீரில் அது இறங்கிவிடும். அதனால் அந்தத் தண்ணீரையும் சேர்த்தே பிசைந்து வையுங்கள், சோற்றைக் குறையுங்கள், நாளில் ஒரு வேளையாவது பூனைக்கென்று தயாரித்த உணவு கொடுங்கள். தயிர்ச்சோறு மட்டுமே சாப்பிட்டு வளரும் பூனைகளை நினைத்துத்தான் எனக்கு அதிகக் கவலை. இதய நோய் இருக்கிற பூனைக்குக் கருவாடு வேண்டவே வேண்டாம், அதில் இருக்கும் உப்பு உடம்பில் நீரைப் பிடித்துவைக்கும்.

கேள்வி: அப்பாவுக்குக் கொடுக்கும் நீர் மாத்திரை வீட்டில் இருக்கிறது. மூச்சு வாங்கினால் அதில் பாதி கொடுக்கலாமா? மறுபடி நீர் கோக்கிறது என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?
— ஒரு வாசகர், சென்னை

பதில்: கொடுக்காதீர்கள். மனிதனுக்கான பாதி மாத்திரை நான்கு கிலோ பூனைக்கு மிக அதிகமாகிவிடலாம். அதோடு நெஞ்சில் ஏற்கனவே கோத்துவிட்ட நீரை மாத்திரை உடனே வற்றவைக்காது, ஊசியால் எடுப்பதுதான் வழி. மறுபடி கோக்காமல் தள்ளிப்போடத்தான் மாத்திரை. பாராசிட்டமால் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், காய்ச்சல், வலி எதற்கும் பூனைக்கு அதைக் கொடுக்கவே கூடாது, உயிரைக் குடித்துவிடும்.

முன்கூட்டியே தெரிந்துகொள்ள மூச்சை எண்ணுங்கள். பூனை நன்றாகத் தூங்கும்போது, கொர் கொர் என்று சத்தம் போடாத நேரத்தில், நெஞ்சு ஏறி இறங்குவதை ஒன்றாகக் கணக்குவைத்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். 30-க்குள் இருந்தால் சரி. நாலைந்து நாள் எண்ணினால் உங்கள் பூனையின் வழக்கமான எண் தெரிந்துவிடும். இரண்டு மணி நேரம் விட்டு எண்ணியும் 30-க்கு மேலேயே நின்றால் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள். வாயைத் திறந்து மூச்சு விட்டால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், கிளம்புங்கள். மல்லாக்கப் படுக்கவைக்காதீர்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள், தூக்கிக் கொஞ்சாதீர்கள், கூடையில் அதற்கு வசதியான நிலையில் உட்காரவிட்டு மேலே துணி போட்டுக் கொண்டுபோங்கள்.

இதயத்தின் இடது மேலறை விரிந்த பூனைக்கு உள்ளே ரத்தம் கட்டி, அந்தக் கட்டி பின்னங்கால்களுக்குப் போகும் குழாயை அடைத்துவிடுவதுண்டு. திடீரென்று அலறும், பின்னங்கால்கள் இழுபடும், தொட்டால் சில்லென்று இருக்கும். பலர் விழுந்து அடிபட்டதாக நினைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதுவும் அதே நிமிடம் கிளம்ப வேண்டிய அவசரம். இதைத் தடுக்கத்தான் மருத்துவர்கள் குளோபிடோகிரெல் 75 மி.கி. மாத்திரையில் கால் பங்கு தினமும் எழுதுகிறார்கள். கசப்பென்று நுரைதள்ளும், காலி கேப்ஸ்யூலில் போட்டுக் கொடுத்தால் விழுங்கிவிடும்.

கேள்வி: எங்கள் ஊரில் நீரைச் சோதிக்கும் லேப் இல்லை. எடுத்த நீரை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம்?
— ஒரு வாசகி, ராமநாதபுரம்

பதில்: இரண்டு டியூப் கேளுங்கள், ஊதா மூடி போட்ட இடிடிஏ டியூப் செல்களுக்கு, சிவப்பு மூடி போட்ட சாதா டியூப் புரோட்டீனுக்கும் மற்றதுக்கும். சீழ் மாதிரி இருந்தால் கிருமி வளர்த்துப் பார்க்கச் சுத்தமான இன்னொரு டியூபில் கொஞ்சம். டியூப்களை ஃபிரிட்ஜில் கீழ்த்தட்டில் வையுங்கள், ஃபிரீசரில் வைத்தால் செல்கள் உடைந்துபோகும். ஒரு நாளுக்குள் லேபுக்குப் போய்விட்டால் நல்லது. அதைவிட முக்கியம், நீர் எடுத்த அந்த நேரத்திலேயே இரண்டு மூன்று ஸ்லைடில் பூசிக் காயவைத்துத் தரச் சொல்லுங்கள், அது ஃபிரிட்ஜே இல்லாமல் மதுரைக்கோ சென்னைக்கோ கூரியரில் பத்திரமாகப் போய்ச் சேரும். ஸ்லைடு ஃபிரிட்ஜுக்குள் போகக் கூடாது, ஈரம் பட்டால் வீண். எந்தப் பக்கத்தில் எத்தனை மி.லி. எடுத்தார்கள், என்ன நிறம், எந்த நாள் என்று டியூப் மேலேயே எழுதி, மூடுவதற்கு முன்னால் வெளிச்சத்தில் பிடித்து போனில் ஒரு படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.